வாழைப்பூ வடைக்குப் பின்னால்

ஜூன் 3, திங்கள்

லென்ஸ் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. இத்தனை நாள் உடைந்த பிரேம்களைப் போடும் டிராயரில் கிடந்தது. ஜனவரியிலிருந்து மே வரை ஒரு பக்கம்கூட எழுதவில்லை. எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். இதை வீட்டுக்கு எடுத்துப் போகப் போவதில்லை. மத்தியானம் கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் எழுதிவிட்டுத் திரும்ப டிராயரிலேயே போட்டுவிடுவேன்.

பள்ளிக்கூடப் பழக்கம், முதலில் பெயர். சுகந்தி. திண்டுக்கல்லில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பிரேம் எடுத்துக் காட்டுவது, பில் போடுவது, காது வலிக்கிறது என்று திரும்பி வருபவர்களுக்குக் கம்பியை வளைத்துக் கொடுப்பது என் வேலை. உள்ளே மிஷினில் லென்ஸ் தேய்ப்பது ஜெசிந்தா அக்கா. முதலாளிக்குப் பழனியில் இன்னொரு கடை இருக்கிறது. வாரத்தில் பாதி நாள் அவர் அங்கேதான்.

வீட்டுக்காரர் பெயர் சௌந்தரபாண்டி. தனியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். பகலெல்லாம் பஸ்ஸில் செக்கிங், இரவு வீட்டில் செக்கிங். சாப்பிட்டுக் கை கழுவியதும் கையை நீட்டுவார். நான் போனைக் கொடுப்பேன். அன்றைக்கு என்ன தேடினேன், என்ன வீடியோ பார்த்தேன், யாருக்குப் பேசினேன் என்று மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்ப்பார். திட்டமாட்டார், அடிக்கமாட்டார். "குக்கர் கேஸ்கட் பாத்திருக்க. சரி" என்பார். பார்த்து முடித்ததும் சார்ஜில் போட்டுவிட்டுப் படுப்பார்.

டச் போன் வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து இப்படித்தான். ஆரம்பத்தில் ஏன் என்று கேட்டேன். "மறைக்க ஒண்ணும் இல்லன்னா காட்டுறதுக்கு என்ன?" என்றார். சரியான பதிலாகத்தான் தோன்றியது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஜூன் 12, புதன்

மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து போய்விட்டது. வியாபாரம் இல்லை.

ஜெசிந்தா அக்கா தன் மகனுக்குப் பெண் பார்க்கப் போன கதையைச் சொன்னார். அக்காவுக்கு முன்நெற்றியில் முடி கொட்டிக்கொண்டே வருகிறது. வைக்கிற முடி எங்கே கிடைக்கும் என்று ஒரு நாள் போனில் தேடியிருக்கிறார். பெண் வீட்டில் மகன் போட்டோவைக் காட்டப் போனைத் திறந்தால் மேலே விளம்பரம், கீழே விளம்பரம், எல்லாம் வழுக்கைத் தலைக்கு விக்.

"பொண்ணோட தாய்மாமன் போனைப் பாத்தாரு, எம்மவன் தலையைப் பாத்தாரு. அப்புறம் எந்திரிச்சு வந்து, தம்பி நல்லா இருக்கீங்களான்னு கேட்டுக்கிட்டே தலையைத் தடவி இழுத்துப் பாத்துட்டாருடி!"

"அய்யோ. அப்புறம்?"

"நெஜ முடிதான்னு தெரிஞ்ச பெறகுதான் காப்பியே வந்துச்சு."

நான் சிரித்தேன். கடையில் நான் சிரித்து நாளாகிவிட்டது என்று அக்கா சொன்னார். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து அக்கா எது தேடினாலும் தனியாக ஒரு ஜன்னல் திறந்துதான் தேடுகிறாராம். மகன் சொல்லிக் கொடுத்தது. அதன் பெயர் இன்காக்னிட்டோ. அக்கா வாயில் அது நுழையவில்லை, கறுப்பு ஜன்னல் என்கிறார். திறந்து காட்டினார். கறுப்புத் திரை, நடுவில் தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஒரு உருவம். அந்த மாடல் பிரேம் எங்கள் கடையில் இப்போது வருவதில்லை.

"இதுல என்ன பாத்தாலும் மூடுனா போயிரும். எழுதி வைக்காது" என்றார். இதெல்லாம் தப்பான படம் பார்க்கிற ஆம்பளைகளுக்கு உள்ளது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் சொன்னேன். "ஆமா, விக்கு தேடுறவளும் தப்பானவதான்" என்றார்.

ஜூன் 13, வியாழன்

மத்தியானம் அந்த ஜன்னலைத் திறந்தேன். என்ன தேடுவது என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் வெறும் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, "கணவர் தினமும் மனைவியின் போனைப் பார்ப்பது சரியா" என்று அடித்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். எல்லாரும் பெயர் போடாமல் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தி, என் வீட்டுக்காரர் நல்லவர்தான், குடிக்கமாட்டார், ஆனாலும் எனக்கு மூச்சு முட்டுகிறது, இது வியாதியா என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே படித்துக்கொண்டே போனதில் மத்தியானம் முழுவதும் போய்விட்டது. மூடினேன்.

போனின் தேடல் வரலாற்றில் ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

சுத்தமாக இருந்ததுதான் தப்பு.

நேற்று இரவு அவர் போனைத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"மத்தியானம் பூரா ஒண்ணுமே இல்லையே?"

"கடையில கூட்டம்."

"கூட்டம் இருக்கிற அன்னைக்கும் நடுவுல ஏதாச்சும் பாத்திருப்பியே. ஒரு பாட்டு, ஒரு கோலம். இன்னைக்கு ஒண்ணுமே இல்ல."

"பாக்கல."

"சார்ஜ் மட்டும் பாதி எறங்கியிருக்கு."

அவர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். இன்று காலை டிபன் சாப்பிடாமல் டூட்டிக்குப் போனார். மூன்று இட்லியும் தட்டில் அப்படியே இருந்தன. மகள் தர்ஷிகா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை, கேட்காமலே தெரிந்துகொள்கிறாள். சீக்கிரம் சாப்பிடு என்றேன்.

ஜூன் 17, திங்கள்

சனிக்கிழமை அவர் லீவு போட்டுவிட்டுக் கடைக்கு வந்தார். வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். வருகிறவர்களைப் பார்த்தார், போகிறவர்களைப் பார்த்தார். முதலாளி பழனியில். ஜெசிந்தா அக்கா டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தார். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.

சனிக்கிழமைகளில் கண் பரிசோதிக்கும் டாக்டரம்மா வருவார். "வந்ததுக்குக் கண்ணப் பாத்துட்டுப் போங்க சார்" என்றார். பார்த்தார்கள். கிட்டத்தில் வைத்துப் படிக்கப் பவர் வந்திருக்கிறது. நானே பிரேம் எடுத்துக் காட்டினேன். நானே காதுக்கு வளைத்து மாட்டிவிட்டேன். ஊழியர் குடும்பம் என்று விலையில் குறைத்துக்கொண்டோம்.

இரவு அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் என் போனைப் பார்த்தார். "இப்பத்தான் எழுத்து தெளிவாத் தெரியுது" என்றார்.

ஜூன் 20, வியாழன்

ஒரு வாரமாகக் கறுப்பு ஜன்னல் பக்கமே போகவில்லை. ஜெசிந்தா அக்காவிடம் சொன்னேன். அதிகம் சொல்லவில்லை, காலியாக இருந்தால் வீட்டில் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"காலியா ஏன் விடுற? பக்கத்துலயே நல்ல ஜன்னல்ல எதையாவது ஓட விடு. சமையல், கோலம், சாமி பாட்டு. அது பாட்டுக்கு ஓடட்டும். நீ இதுல உன் சோலியப் பாரு."

அவர் மகன் இன்னொன்றும் சொன்னானாம். கறுப்பு ஜன்னலில் பார்த்தாலும் நெட் கம்பெனிக்காரனுக்குத் தெரியுமாம். அவனுக்கும் தெரியக்கூடாது என்றால் வேறு ஏதோ ஏற்ற வேண்டுமாம். வேண்டாம் என்றேன். புதிதாக ஒன்று ஏற்றினால் வீட்டில் உடனே கண்ணில் படும். கம்பெனிக்காரன் பார்த்துவிட்டுப் போகட்டும். அவன் என் வீட்டில் சாப்பிட உட்காருவதில்லை.

நல்ல ஜன்னலில் "வாழைப்பூ வடை மொறுமொறுப்பாகச் செய்வது எப்படி" ஓடியது. கறுப்பு ஜன்னலில் நான் பார்த்தது வேறு.

ஜூன் 21, வெள்ளி

"வாழைப்பூ வடை பாத்தியே, செய்யலியா?"

ஜூன் 22, சனி

வாழைப்பூ வடை. பூவை ஆய்ந்து நரம்பெடுப்பதற்குள் விரலெல்லாம் கறை. அவர் ஐந்து சாப்பிட்டார். தர்ஷிகா இரண்டு. எண்ணெயைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்றார்.

ஜூலை 2, செவ்வாய்

இதுவரை செய்தவை: கருணைக்கிழங்கு மசியல், பாசிப்பருப்பு அல்வா, செட்டிநாட்டு மஷ்ரூம், ரவா பணியாரம். எல்லாம் மத்தியானம் ஓடியவை. ஓடியதைச் செய்துவிட வேண்டியிருக்கிறது. செய்யாவிட்டால், பார்த்தாயே என்று கேட்பார். அதனால் இப்போதெல்லாம் செய்ய முடிகிறதாகப் பார்த்துத்தான் ஓட விடுகிறேன். பிரியாணி ஓட விடுவதில்லை.

ஜூலை 9, செவ்வாய்

நேற்று பூசணி அல்வா. அவருடைய காக்கிச் சட்டையில் வயிற்றுப் பொத்தான் தெறித்துவிட்டது. தைத்துக் கொடுத்தேன். "கைப்பக்குவம் கூடியிருக்கு. சும்மா கண்டதையும் பாக்காம உருப்படியாப் பாக்குற" என்றார். டூட்டியில் இருக்கும் டிரைவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறாராம், என் சம்சாரம் போன்ல பாத்தே எல்லாம் கத்துக்கிட்டா என்று.

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு வருத்தமும் இல்லை, சிரிப்பும் வரவில்லை. ஊசியைப் பெட்டியில் வைத்தேன்.

ஜூலை 18, வியாழன்

ஜெசிந்தா அக்கா கேட்டார், "ஏண்டி, இந்தப் பாடு எதுக்கு? எம் போன்லயே பாத்துட்டுப் போயேன்."

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் அக்கா போனில் பார்த்தால் என்ன பார்க்கிறேன் என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்தால், எப்போது போகிறாய் என்று கேட்பார். போகப் போகிறேன் என்று நான் என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. சும்மா பார்க்கிறேன், அவ்வளவுதான்.

சும்மா பார்ப்பவை: பெண்ணோடு தங்குவதற்கு இடம் கொடுக்கும் லேடீஸ் ஹாஸ்டல். வருடத்துக்கு நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற முடியுமா. டி.சி. வாங்க அப்பா கையெழுத்து வேண்டுமா, அம்மா கையெழுத்துப் போதுமா. அடிக்காத புருஷனை விட்டுப் போனால் என்ன காரணம் சொல்வது.

கடைசியாக எழுதியதற்குத்தான் பதில் கிடைக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் காயத்தின் படம் போட்டிருக்கிறார்கள். எனக்குக் காயம் இல்லை.

இன்று கேழ்வரகுப் புட்டு.

ஆகஸ்ட் 5, திங்கள்

தர்ஷிகா பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடமெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்களாம். நேற்று அவர் பஸ் நிலையத்துக் கடையில் ஒரு பழைய போன் வாங்கி வந்தார். பிள்ளைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. போனுக்குப் பூப்போட்ட உறை கேட்டாள், அதையும் வாங்கிக் கொடுத்தார்.

இரவு சாப்பிட்டுக் கை கழுவி வந்தார். கையை நீட்டினார். நான் கொடுத்தேன். பார்த்து முடித்துவிட்டுத் திரும்பவும் நீட்டினார், அவள் பக்கம்.

"எனக்கா?" என்றாள்.

"ஆமா. அம்மா குடுக்கல?"

அவள் கொடுத்தாள். ஏன் என்று கேட்கவே இல்லை. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கழுவிய தட்டையே இரண்டாம் தடவை கழுவிக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

தக்காளித் தொக்கு. வேறொன்றுமில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஜெசிந்தா அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. ஹாஸ்டல் பக்கம் திறந்தபடி இருக்கும்போது ஒரு அம்மா வந்து பிரேம் கேட்டார். போனை மேஜையில் கவிழ்க்காமல் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது அக்கா போனைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "எங்க சின்னம்மா மக கண்ணாடிக் கடை வச்சிருக்கா, வேற ஊர்ல. ஆளு இல்லாம தவிக்கிறா. மாடியில ஒரு ரூமு இருக்கு. கேக்கவா?" என்றார்.

"பாக்கலாம்க்கா."

"எதைடி பாக்கப் போற? பாத்துக்கிட்டேதான இருக்க?"

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுருக்கென்றது. நான் ஷோகேஸ் கண்ணாடியைத் துடைத்தேன். போகிறேன் என்று சொல்ல ஒரு பெரிய காரணம் வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் ஒரு நாளாவது கையை ஓங்கியிருந்தால் சொல்லியிருப்பேன். அப்படி நினைத்ததும் எனக்கே என்னவோபோல் இருந்தது. இப்படியே மத்தியானம் ஹாஸ்டல் பார்த்துக்கொண்டு, இரவு வடை சுட்டுக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம் போலத்தான் இருக்கிறது. பழகிவிட்டது.

ஊர் பெயரை அக்கா சொன்னார். இங்கே எழுதவில்லை.

செப்டம்பர் 4, புதன்

முதலாளி வந்திருந்தார். கறுப்பு ஜன்னலைப் பற்றி அக்கா அவரிடம் சொல்லிக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். "நமக்கெல்லாம் எதுக்கும்மா அது? நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு" என்றார் முதலாளி. சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய், கண்ணாடிக் கதவை மூடிவிட்டு, தன் தம்பியோடு போனில் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

செப்டம்பர் 12, வியாழன்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

நேற்று இரவு அவர் தர்ஷிகா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டார். ரொம்பப் பெருமை முகத்தில்.

"இங்க வா, வந்து பாரு. உம் மகளப் பாரு. இந்த வயசுல எந்தப் பிள்ளைடி இப்படி இருக்கும்? ஒரு சினிமா இல்ல, ஒரு கண்ட கழுதை இல்ல."

பார்த்தேன். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன. ஒளிச்சேர்க்கை படம். பிதாகரஸ் தேற்றம். பின்னங்களைக் கூட்டுவது எப்படி. திருக்குறள் பொருள். மறுபடியும் ஒளிச்சேர்க்கை. முந்தின நாளுக்குத் தள்ளிப் பார்த்தேன், அதற்கும் முந்தின நாளுக்குத் தள்ளிப் பார்த்தேன். எல்லா நாளும் இதே.

பின்னங்களைக் கூட்டுவது அவள் ஐந்தாம் வகுப்பிலேயே படித்தது. அப்போதே எனக்குச் சொல்லிக் கொடுப்பாள், கடை பில்லில் நான் தப்பு விட்டால் திருத்துவாள். ஒளிச்சேர்க்கைக்குச் சார்ட் வரைந்து பரிசு வாங்கினாள், சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறது. அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் இவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பாட்டு இல்லை. ஒரு பொம்மைப் படம் இல்லை. தப்பாக அடித்து அழித்த ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு ஒழுங்கு எந்தப் பிள்ளைக்கும் வராது. எனக்கு அது தெரியும், ஏனென்றால் என் போனும் அவ்வளவு ஒழுங்கு.

"நல்ல பிள்ளைதான்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பயமாக இருந்தது. என்ன பார்க்கிறாள், யார் பேசுகிறார்கள், என்ன வலையில் மாட்டியிருக்கிறாளோ என்று என்னென்னவோ தோன்றியது. அவளுடைய போனைப் பிடுங்கித் தேட வேண்டும் என்று தோன்றியது. அவருக்கும் இப்படித்தான் தோன்றுமோ என்னவோ.

தேடவில்லை. தேடினாலும் கிடைத்திருக்காது.

செப்டம்பர் 13, வெள்ளி

இன்று காலை டியூஷனுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். வழியில் கரும்பு ஜூஸ் கடையில் நிறுத்தினேன். இரண்டு டம்ளர் வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ஒளிச்சேர்க்கை இன்னும் புரியலியா?" என்றேன்.

அவள் ஜூஸைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள்.

"அப்பாட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா. யாருகூடயாச்சும் பேசுறியா? பயமா இருந்தா சொல்லு, நான் திட்ட மாட்டேன்."

"அய்யே, இல்லம்மா."

"பின்ன என்னதான் பாக்குற?"

ஐஸ் உருகித் தண்ணீராகிவிட்டது. பிறகு சொன்னாள், "குதிரை."

"குதிரையா?"

"குதிரைக்குக் குளம்பு சுத்தம் பண்ற வீடியோ. ஒரு வெள்ளைக்காரர் காலைத் தூக்கித் தன் தொடை மேல வச்சுக்கிட்டு, அழுக்கெல்லாம் சுரண்டி எடுத்து, வளந்ததை வெட்டி, ராவி, புது லாடம் அடிப்பாரு. குதிரை சும்மா நிக்கும்."

"அதுக்கு வலிக்காதா?"

"வலிக்காதும்மா. நம்ம நகம் மாதிரிதான். வெட்டாம விட்டாத்தான் வலிக்கும், நடக்க முடியாது."

"இதை எதுக்குடி மறைச்சுப் பாக்குற? இதுல என்ன தப்பு?"

"தப்பெல்லாம் இல்ல" என்றாள். டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அப்பா பாத்தா, இது எதுக்கு, படிப்புக்கா, யாரு காட்டுனான்னு கேப்பாரு. நான் பதில் சொல்லணும். சொன்னா அது அப்பாவோடதாப் போயிரும். யாரும் பாக்காம எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு பாக்கணும்னு இருந்துச்சும்மா. அவ்வளவுதான்."

"யாரு சொல்லிக் குடுத்தா, கறுப்பு ஜன்னல்?"

"அது கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா அப்பா காலியா இருந்தா கண்டுபிடிச்சுருவாருல்ல. அதுக்குத்தான் ஒளிச்சேர்க்கை. நீ வாழைப்பூ வடை பாக்குற மாதிரி."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. வீட்டில் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்ட ஒரு வேலையைச் சொல்வதுபோல் சொன்னாள். துணி மடிக்க நான் சொல்லிக் கொடுத்தேன். கோலம் சொல்லிக் கொடுத்தேன். இதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

டியூஷனில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அழுகை வந்தது. இத்தனை மாதத்தில் இன்றுதான் வந்தது. கோபமும் வந்தது, அவர்மேல், என்மேல், அந்த வடைமேல். ஜூஸ் கடைக்காரர் காசு கொடுக்கவில்லை என்று பின்னாலேயே கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 14, சனி

ஜெசிந்தா அக்கா போனில், அக்கா எதிரிலேயே, அவர் சின்னம்மா மகளோடு பேசினேன். நாற்காலியில் உட்கார்ந்து வேலை இல்லை, நின்றுகொண்டேதான் என்றார். சரி என்றேன். மாடி அறையில் கொசு என்றார். சரி என்றேன். எப்ப வர்றீங்க என்றார்.

"மகளுக்குக் காப்பரீட்சை முடிஞ்சதும்" என்றேன். சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 19, வியாழன்

பள்ளிக்கூட ஆபீசில் கேட்டேன். அம்மா கையெழுத்துப் போதும் என்று அந்த மேடம் தலையைத் தூக்காமலே சொன்னார். ஜூலையிலிருந்து கறுப்பு ஜன்னலில் தேடிக்கொண்டிருந்த கேள்வி. நேரில் கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நேற்று இரவு நெய் அப்பம். அவர் நன்றாக இருக்கிறது என்றார்.

செப்டம்பர் 27, வெள்ளி

பரீட்சை முடிந்தது. தர்ஷிகாவிடம் சொன்னேன். "அப்பாவும் வருவாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். தலையாட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவுக்கு யாரு சமைப்பா?" என்றாள். எனக்கும் அது நெஞ்சில் இருந்தது. அவர் கெட்டவர் என்று என்னால் இன்னும் எழுத முடியவில்லை. தெரியவில்லை என்றேன். சட்டம் போட்ட சார்ட்டை எடுத்துக்கொள்ளவா என்றாள். வேண்டாம், காலி இடம் உடனே தெரியும் என்றேன். அவளுக்குப் புரிந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்தத் தடவை டைரி என்னோடு வருகிறது. பைகளை அக்கா நேற்றே தன் வீட்டுக்கு எடுத்துப் போய், இன்று காலை கொண்டுவந்து மிஷினுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.

காலையில் அவர் டூட்டிக்குப் போனதும் சாதம் வடித்து, ரசம் வைத்து, மூடினேன். ரசம் யாரும் போனில் பார்த்து வைப்பதில்லை. பிறகு கூடத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். கறுப்பு ஜன்னல் இல்லை, நல்ல ஜன்னல். அதில் ஒவ்வொன்றாக அடித்தேன். "கணவர் தினமும் மனைவியின் போனைப் பார்ப்பது சரியா." "பெண்ணோடு தங்குவதற்கு இடம்." "டி.சி. வாங்க அம்மா கையெழுத்துப் போதுமா." "அடிக்காத புருஷனை விட்டுப் போனால் என்ன காரணம் சொல்வது." இத்தனை நாள் மூடி மூடி அழித்ததையெல்லாம் திரும்ப அடித்தேன். ஊர் பெயர் போடவில்லை. கடைசியாக, "மூச்சு முட்டுகிறது." ஒரு எழுத்துத் தப்பு இல்லாமல் அடித்தேன்.

கடிதம் எழுதி வைக்கலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். கடிதத்தை அவர் படிப்பாரோ மாட்டாரோ. இதைக் கட்டாயம் படிப்பார். எழுத்தெழுத்தாகத் தள்ளித் தள்ளிப் படிப்பார்.

போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். அவர் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகும் கண்ணாடியை எடுத்து, கடைத் துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, பக்கத்தில் வைத்தேன். தர்ஷிகாவும் தன் போனைக் கொண்டுவந்து வைத்தாள். பூப்போட்ட உறையைக் கழற்றிக்கொண்டாள். பிறகு நினைத்துக்கொண்டவளாய்த் திரும்ப மாட்டிவிட்டாள்.

"நானும் ஒண்ணு தேடி வச்சிருக்கேன்" என்றாள், கதவைப் பூட்டும்போது.

"என்னது?"

"குளம்பு வெட்டுனா குதிரைக்கு வலிக்குமான்னு."

இப்போது வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து அக்கா போனில் குதிரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். சத்தத்தை நன்றாக வைத்திருக்கிறாள். கடை முழுக்க ராவுகிற சத்தம் கேட்கிறது. பிரேம் பார்க்க வந்த ஒரு பெரியவர்கூட எட்டிப் பார்த்தார். அக்கா மிஷினை நிறுத்திவிட்டு வந்து அவள் தோளுக்கு மேல் குனிந்து, "என்னடி இது, குதிரைக்கு நகம் வெட்டுறாங்களா?" என்கிறார். "ஆமா பெரியம்மா, இங்க பாருங்க" என்று போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள்.